காய்ந்த இலை இரண்டு கை

அந்தக் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன சமையல் என்று தெரிய வேண்டுமா, அவளைக் கேட்டால் போதும். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. ஏறினவன் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்தானா, டிமிக்கி கொடுக்கிறானா என்று சொல்லிவிடுவாள். எல்லோருக்கும் அவள் செக்கர் அக்கா. வேலை முடிந்து வந்தால், எல்லா வீட்டுக் காய்கறிக் கழிவையும் மக்கவைக்கிற முற்றத்து உரப்பெட்டிதான் அவளுக்கு இன்னொரு பஸ். உருளைக்கிழங்குத் தோலை இத்தனை தடிமனாகச் சீவியிருந்தால் அது முதல் மாடி முடிதிருத்துபவரின் மனைவி, காபி வண்டலைத் தாளோடு போட்டிருந்தால் அது மேல்மாடி வாத்தியார் என்று மூடியைத் தூக்கியதுமே ஆள் ஆளாகப் பிரித்துவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் கண்ணிலேயே யாரோ மண்ணைத் தூவிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி நாறியது. சமைத்த சாப்பாட்டைப் போடாதீர்கள், உப்பும் எண்ணெயும் மண்புழுவைக் கொன்றுவிடும், எலி வரும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். யார் கேட்டார்கள்? யாரோ ஒரு மகராசன் சமைத்ததைக் கொட்டிக்கொண்டே இருந்தான். திங்கட்கிழமைதோறும் அவள் கிளறும்போது எல்லாம் கலந்து கூழாகிக் கிடக்கும், எது எந்த வீட்டுப் பண்டம் என்று பிடிபடாது. குடியிருப்புச் செயலாளரோ இதற்காகவே காத்திருந்தவர். சனிக்கிழமை காலை வந்து பார்ப்பேன், யார் என்று தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிவிட்டு முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டுவிடலாம், கார் நிறுத்தவும் வசதி என்று சொல்லிவிட்டார்.

சிமெண்ட் என்றதும் அவள் தன் வீட்டு வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். கீழ்வீடு அவளுடையது. முன்பெல்லாம் முற்றம் கட்டாந்தரை. ஒரு பெருமழை அடித்தால் போதும், தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் நேரே அவள் வீட்டுப் படியேறிக் கட்டிலுக்கடியில் வந்து நிற்கும். பெட்டி உரத்தைப் போட்டுப் போட்டு மண் பொலபொலவென்று ஆன பிறகுதான் வீடு தப்பித்தது. கோடையில் தெருவே கருகியபோதும் முற்றத்துச் செடிப் பாத்திகள் பச்சையாக நின்றன. போன மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது; முற்றம் அத்தனையையும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. அதன் வாயைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் அடுத்த மழைக்குக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆக, அவளுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். முடிதிருத்துபவரின் மனைவி அன்றைக்குத் தேவைக்கு மேல் குழைந்தாள். ஏன் குழைய வேண்டும்? வாத்தியார் தானாகவே வந்து நாற்றம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்; அவருக்கு என்ன அக்கறை? எல்லோரையும்விட இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த போட்டோகிராபர் பையன்தான் உறுத்தினான். தனிக்கட்டை. படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். பஸ்ஸில் அப்படி ஜன்னல் பக்கம் திரும்புகிறவனிடம் டிக்கெட் இருக்காது.

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. ஈரக் குப்பை போட்டால் மேலே காய்ந்த இலை இரண்டு கை அள்ளிப் பரப்ப வேண்டும் என்பது அவள் சட்டம். ஒருத்தரும் மதித்ததில்லை. முடிதிருத்துபவரின் மனைவி கொட்டிவிட்டு ஓடுவாள். வாத்தியார் படித்தவர், ஒரே ஒரு இலையை ஸ்டாம்பு ஒட்டுவது மாதிரி வைப்பார். இந்தத் திருடன் மட்டும் நிறைவாக இரண்டு கை போட்டு மூலைவரை பரப்பியிருந்தான். மறைக்கத்தான், வேறெதற்கு என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள்.

வீட்டில் கணவரிடம் புலம்பினால், யாரோ தெரியாமல் செய்கிறார்கள், விட்டுவிடு என்பார். கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். அவருக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள். ஆனால் மனிதர் கொஞ்ச நாளாகத் திருந்தியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாதவர், இப்போது மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். ராத்திரியும் விடுமுறை நாளிலும் சூப் போதுமாம், தொந்தியைக் குறைக்கிறாராம். முடிதிருத்துபவரின் மனைவியிடம் அவள் இதை இரண்டு தடவை சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை செயலாளர் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். அவள் வேலைக்கு லீவு சொல்லியிருந்தாள். எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். அவள் போட்டோகிராபரை முன்னால் நிறுத்தினாள்.

"தம்பி, இப்பவே ஒத்துக்க. நான் கிளறி எடுத்தா உனக்குத்தான் அசிங்கம்."

"நான் வீட்ல சமைக்கிறதே இல்லக்கா. கடையில நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு வரேன். இந்தப் பெட்டிய எப்படித் திறக்கறதுன்னுகூடத் தெரியாது."

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றபடி அவள் மூடியைத் திறந்து குச்சியால் இலையை ஒதுக்கினாள். நேற்றுப் போட்டது, இன்னும் கூழாகவில்லை. வெந்த கேரட், பாதியாக வெட்டிய முட்டை, ஓரம் நீக்கிய ரொட்டி. பக்கத்தில் ஆரஞ்சுச் சுளைகள். வெள்ளை நார் ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக உரித்த சுளைகள்.

குச்சி அப்படியே நின்றது. நார் நாக்கில் பட்டால் முகம் சுளிக்கிற ஒருவருக்காக, விடிகாலையில் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்திலும் உட்கார்ந்து நகத்தால் ஒவ்வொரு நாராக எடுத்து மதிய டப்பாவில் வைக்கிறவள் அவள். அப்புறம் அந்த இலை. இந்தக் குடியிருப்பில் அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்கிற ஆள் ஒருவர்தானே உண்டு?

நிமிர்ந்தாள். கணவர் வாசற்படியில் நின்றிருந்தார். பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தார். மிச்ச வார் இடுப்பைச் சுற்றித் தொங்கியது. சட்டைக்குள் ஆளே இல்லை. எத்தனை நாளாக இப்படி இருக்கிறார்? ஊரையே முறைத்துப் பார்த்தவள் இதைப் பார்க்கவில்லையே.

"மன்னிச்சுக்கப்பா" என்று பையனிடம் சொன்னாள். செயலாளர் பக்கம் திரும்பி, "எங்க வீட்டுதுதான் சார்" என்றாள்.

செயலாளர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். பிறகு, ஆள் தெரிந்துவிட்டது, இனிமேல் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அவள் அதற்குள் கணவர் நின்ற படிக்குப் போய்விட்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்." அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "இங்க வந்து நின்னுடுது. தண்ணியா இருந்தாதான் இறங்குது. குப்பை வண்டியில போட மனசு வரல. நீ செஞ்சதாச்சே, மண்ணுக்காவது போகட்டும்னு..."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லப் பயமா இருந்துச்சு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். "எப்படியும் நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு தினமும் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவள் உள்ளே போய் டியூட்டிப் பையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்து வந்தாள். அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"வாயத் திறங்க."

அவள் சொன்னபடி அவர் வாயைத் திறந்தார்.