திரைக்கு வெளியே பேசியது

பீஹியாவுக்கு நெஞ்சுவலியைவிட, திரைக்கு அப்பால் கேட்ட முணுமுணுப்புதான் அதிகம் பயமூட்டியது.

தைவானின் கீலுங் துறைமுகச் சந்தையில் மீன் உருண்டை வேகவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மகன் சிங்ஹாங்தான் அவசரப் பிரிவுக்குத் தூக்கிவந்தான். மாரடைப்பு, உடனே அடைப்பை எடுக்க வேண்டும் என்றார்கள். அதுவரை அவள் கலங்கவில்லை. பிறகு ஓர் இளம் பெண் டாக்டர் மகனை மட்டும் திரைக்கு வெளியே அழைத்தாள்.

கணவர் தியன்சாய்க்கும் இப்படித்தான். வயிற்றில் புற்று என்பதைக் குடும்பமே தாழ்வாரத்தில் நின்று பேசி முடித்தது. "வெறும் புண்தான், கஞ்சி குடிச்சா ஆறிடும்" என்று உள்ளே வந்து சொன்னவள் பீஹியா. அவர் கடைசிவரை நம்பிக் குடித்தார்.

"சோதனை... குலுக்கல் மாதிரி..." துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. "அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவாங்க" என்றான் சிங்ஹாங்.

அவள் தலையைத் திரைப் பக்கம் திருப்பினாள்.

"டேய்!" இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள். "மீன் விக்கிறவ குரல் வெளிய கேக்குதா? ரெண்டு பேரும் உள்ள வந்து பேசுங்க!"

திரை விலகியது. மகன் சிரிக்கப் பார்த்தான். "ஒண்ணுமில்லம்மா, சின்ன விஷயம்..."

"வாயை மூடு. உங்கப்பாவுக்கு நான் வித்த பொய்யை எனக்கே விக்காதே. நீ சொல்லும்மா. நான் சாகப் போறேனா?"

டாக்டர் குனிந்தாள். "அதப் பத்திப் பேசல பெரியம்மா. அடைப்பை எப்படியும் எடுப்போம். அதுக்கு முன்னாடி ஒரு புது மருந்து ஏத்தினா இதயம் கம்மியா கெடுமான்னு ஆராய்ச்சி பண்றோம். ரத்தக்கசிவு வரலாம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்கே தெரியாது. உங்ககிட்டத்தான் முதல்ல கேட்டிருக்கணும்."

"வேண்டாம்னா?"

"வழக்கமான வைத்தியம் அப்படியே நடக்கும்."

பாதிதான் நம்பினாள். தன் உயிரைக் கையில் வைத்திருப்பவளிடம் எப்படி முடியாது என்பது? டாக்டருக்குக் கோபத்தில் கை தவறினால்? ஆனால் கடைக்காரரின் உண்மை விலை தெரிய, வாங்குகிறவர்கள் வேண்டாமென்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்ப்பதை அவள் தினமும் பார்க்கிறவள்.

"அப்ப வேண்டாம்."

டாக்டரின் முகம் மாறவில்லை. "சரி பெரியம்மா" என்று கையிலிருந்த சம்மதப் படிவத்தை மடித்துவிட்டு, "கட்டிலைத் தள்ளுங்க, சீக்கிரம்!" என்று குரல் கொடுத்தாள். கட்டில் நகர்ந்தது. கூடவே டாக்டரும் ஓடிவந்தாள்.

"நில்லு பொண்ணே. வேண்டாம்னு சொல்லியும் கூடவே ஓடி வர்றே, நம்பறேன். ஆராய்ச்சில சேத்துக்கோ என்னை. ஆனா உள்ள என்ன ஆனாலும் எங்கிட்டத்தான் முதல்ல சொல்லணும். கெட்டதா இருந்தாலும்."

"சொல்றேன்."

கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது. ஊசி வழியாகத் தண்ணீர்போல ஏதோ இறங்கியது. மருந்தா, உப்பா? மூவருக்கும் தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா" என்றான் சிங்ஹாங்.

"எனக்கும்தான்டா" என்றாள் பீஹியா. சிகிச்சை அறையின் கதவு திறந்தது.