இருநூற்றுப் பதினான்கு ஸ்ரீ

நாற்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, மைசூரில் தலைமை குமாஸ்தா செலுவநாராயணன் வீட்டுப் பூஜை அறையில் காகிதம் வளர ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு விரல்கடை வளர்ந்தது. நகம் வளர்கிற மாதிரிதான். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. உண்டியல் வைக்க ஆள் வராததால் அதை யாரும் அற்புதம் என்று சொல்லவில்லை.

அது வளர்ந்ததற்குக் காரணம் மூன்று பேர். ஊருக்குத் தெற்கே ஏரியை ஒட்டி நாற்பத்து மூன்று குடும்பங்கள் மகாராஜா கொடுத்த நிலத்தில் ராகி போட்டுப் பிழைத்தார்கள். அந்த நிலம் பட்டு மில் முதலாளி நஞ்சுண்டசாமிக்கு வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதால், யார் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய மனிதர்களுக்குப் பழகிப்போயிருந்தது. குடும்பங்களிடம் பத்திரம் கிடையாது. இருந்த அத்தாட்சியெல்லாம் ஓர் ஆபீஸின் ரெக்கார்டு அறையில் இருநூற்றுப் பதினான்கு தாள்களாகக் கிடந்தது. அந்த அறையின் சாவி செலுவநாராயணனிடம் இருந்தது. பிறகு விசாரிக்க வரவேண்டிய போலீஸ் இன்ஸ்பெக்டர் பசவராஜ் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஊர் முழுக்க யானை ஊர்வலம் பார்க்கப் போன விஜயதசமி மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் சரியாகவே யோசித்திருந்தார்கள். ஒன்றே ஒன்றில் தடுமாறினார்கள். பழைய தாள் ஒவ்வொன்றின் தலையிலும் ‘ஸ்ரீ’ என்று எழுதியிருந்தது. ஸ்ரீயைக் கொளுத்தலாமா? நாற்பத்து மூன்று வீட்டு அடுப்பை அணைக்கக் கூசாத மூன்று பேரும் இதற்குக் கூசினார்கள். செலுவநாராயணன் நாமக்காரர், மற்ற இருவரும் விபூதிக்காரர்கள். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஆயுத பூஜையில் வைத்திருந்த கத்தரிக்கோலைக் குங்குமத்தோடு எடுத்து, ஒவ்வொரு தாளின் தலையையும் இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்து, கண்ணில் ஒற்றி, ஒரு மூங்கில் பெட்டியில் அடுக்கினார்கள். தாள்களின் உடம்பை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பெட்டி செலுவநாராயணன் வீட்டுப் பூஜை அறைக்குப் போனது.

அதைப் பார்த்தவர் ஆபீஸ் பியூன் பர்னபாஸ். காப்பி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், கொண்டுவந்தார். அதுதான் அவர் செய்த குற்றம். சாயங்காலமே அவரைப் பிடித்து, கொளுத்தியது அவர்தான், கம்யூனிஸ்ட் சதி என்று எழுதினார்கள். அவர் மனைவி மெட்டில்டாவின் சிவப்புப் பாவாடை கோர்ட்டில் கொடி என்று காட்டப்பட்டது. மெட்டில்டா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர், வாய் அடங்காதவர். “ஐயா, அதுல நாடா இருக்குதே, பாருங்க. கொடிக்கு யாராச்சும் நாடா கோப்பாங்களா?” என்று கேட்டார். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பர்னபாஸ் நடந்ததைச் சொன்னார். “கொளுத்துறதுக்கு முன்னாடி தலைய மட்டும் வெட்டி எடுத்து வச்சாங்க சாமி. ஸ்ரீ போட்டிருந்துச்சில்ல, அதுக்கு.” கோர்ட்டே சிரித்தது. சிலுவை கும்பிடுகிற வேதக்காரனுக்கு ஸ்ரீயின் மேல் என்ன அக்கறை என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். ஒன்பது வருஷம் போட்டார்கள். சாம்பலை நிறுத்துப் பார்த்து, இருநூற்றுப் பதினான்கு தாள்களும் முழுசாக எரிந்தன என்று கெஜட்டில் அச்சடித்தார்கள்.

செலுவநாராயணனின் மனைவி ஸரஸாதான் முதலில் பார்த்தார். “ஏன்னா, பெட்டி மூட மாட்டேங்கறது. கடுதாசு வளந்திருக்கு.”

“பைத்தியமாட்டம் பேசாதே.”

“நீங்களே வந்து பாருங்கோ. எழுத்தோட வளந்திருக்கு.”

வளர்ந்த இடத்தில் அதே பழைய கையெழுத்து, அதே மங்கிய மசி. முதல் வரியில் குடியானவன் பெயர், அடுத்ததில் அவன் தகப்பன் பெயர், அதற்கடுத்து நிலத்தின் எல்லை. செலுவநாராயணன் அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்தார். புதிதாக வளர்ந்ததில் ஸ்ரீ இல்லை, அதனால் எரிக்கலாம். மறு வெள்ளிக்கிழமை மறுபடியும் வெட்டினார். எட்டு வருஷம் அந்த வீட்டில் வெந்நீர் அண்டாவுக்கு விறகு வாங்கவில்லை. நஞ்சுண்டசாமி பயந்து நச்சரித்ததில், ஒரு நாள் பெட்டியை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய் மந்திரம் சொல்லிக் காவேரியில் விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது இருநூற்றுப் பதினான்கும் பூஜை அறையில் காய்ந்து கிடந்தன. ஓரம் மட்டும் கொஞ்சம் சுருண்டிருந்தது.

இதற்கிடையில் ஏரி தூர்ந்தது. நிலத்தில் மில் எழும்பியது. நாற்பத்து மூன்று குடும்பங்களில் பாதிப்பேர் அந்த மில்லிலேயே கூட்டிப் பெருக்கினார்கள், மீதிப்பேர் எங்கே போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பசவராஜுக்கு இரண்டு முறை பதவி உயர்ந்தது. மெட்டில்டா மாதம் ஒரு தடவை குமாஸ்தா வீட்டு வாசலில் வந்து நின்றார். “சத்தியத்தை ஒரு வாட்டி சொல்லுங்க சாமி, என் வீட்டுக்காரர் வெளிய வந்திடுவார்” என்பார். கதவு திறக்காது. உள்ளே கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கும்.

கொள்ளேகால் மைசூரோடு சேர்ந்த வருஷம் செலுவநாராயணனுக்கு வலது கை விழுந்துவிட்டது, வாயும் கோணிவிட்டது. வெட்டும் வேலையை ஸரஸாவிடம் ஜாடை காட்டினார். ஸரஸா மாட்டேன் என்றார். மனசாட்சி என்று நினைக்க வேண்டாம், அவருக்கு மணிக்கட்டில் வாதம். சில மாதத்தில் தாள்கள் முழுசாக வளர்ந்து, கீழே கையொப்பமும் முத்திரையும் வந்து, பூஜை அறையில் பெருமாளுக்கே இடம் இல்லாமல் போனது. அடுத்த தடவை மெட்டில்டா வந்தபோது ஸரஸா கதவைத் திறந்து தாள்களைக் கட்டாகக் கட்டி அவர் கையில் போட்டார். “எடுத்துண்டு போடிம்மா. ஆத்துல விளக்கேத்த எடமில்லே.”

மெட்டில்டா அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினார். அங்கே இருந்த புது அதிகாரி நல்லவர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப் பெயர் எடுத்தவர்களிடம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அசல்தான்மா. சந்தேகமே இல்ல.”

“அப்ப என் வீட்டுக்காரரை விட்டுடுவீங்களா?”

“நோடம்மா, இங்க பாருங்க, இது எரிஞ்சு போச்சுன்னு கெஜட்டுல இருக்கு. எரியலைன்னா தீ பொய். தீ பொய்யின்னா கேஸ் பொய். எத்தனை பேரு பென்ஷன் போகும், யோசிச்சீங்களா? எரிஞ்ச காகிதத்தை வச்சிருக்கிறதே தப்பு. நான் பாக்கல, நீங்க காட்டல. எடுத்துட்டுப் போங்க.”

பர்னபாஸ் ஒன்பது வருஷத்தில் ஒரு நாள் குறையாமல் இருந்துவிட்டு ஐம்பத்தேழில் வெளியே வந்தார். சிறைக்குப் போய்வந்தவனுக்கு வேலை கிடையாது. மணிக்கூண்டுக்குக் கீழே அடுப்பு வைத்துக் கடலை வறுத்தார். வீட்டில் தாள்கள் வளர்வது நிற்கவில்லை. கையொப்பத்தைத் தாண்டியும் வளர்ந்தன. அதற்குக் கீழே விஜயதசமி மத்தியானம் எழுதியிருந்தது. யார் கத்தரித்தது, யார் கண்ணில் ஒற்றினது, யார் எண்ணெய் ஊற்றினது, காப்பியில் சர்க்கரை குறைவு என்று யார் திட்டினது, எல்லாம் பெயரோடு வந்தன. வாராவாரம் இன்னும் ஒரு விரல்கடை.

பர்னபாஸ் வளர்ந்ததைக் கிழித்துக் கடலைப் பொட்டலம் மடித்தார். ஊர் உண்மையைப் படிக்கட்டும் என்று முதல் வருஷம் எண்ணினார். ஊரும் படித்தது. கடலையைத் தின்றபடி நின்று மூன்று பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்து, தாளைக் கசக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டுப் பஸ் ஏறியது. ஸ்ரீ இருந்தால் எடுத்து வைத்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற பசவராஜும் ஒரு நாள் கைத்தடியோடு வந்து கடலை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தை நிதானமாகப் படித்தார். அடுப்பருகே கூட நின்று வறுத்துக்கொண்டிருந்த மெட்டில்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

“எண்ணெய் ஊத்தினது நான் இல்லப்பா. நஞ்சுண்டசாமி. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றார் பசவராஜ். ஒரு கடலையை வாயில் போட்டார். “கொஞ்சம் உப்பு போடு.”

பர்னபாஸ் உப்பு போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வளர்ந்த வரியில் அந்தப் பிழை திருத்தப்பட்டிருந்தது. அதையும் கிழித்துப் பொட்டலம் மடித்தார்கள்.