நாலாவது நிமிடம்

இருபது வருடங்களுக்கு முன் ஓர் அரங்கில் தம்பி வாசித்த ஜாஸ் கிடார் கச்சேரியின் ஆல்பம் மறுபடி வெளிவருகிறது. ஒலிப்பொறியாளரான அக்காதான் இருமல், நாற்காலி, கோப்பைச் சத்தங்களையெல்லாம் நீக்கினாள். ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஆனால் எல்லோரும் கொண்டாடிய மூன்றாவது பாட்டு, துடைத்த பிறகு தடுமாற்றமாகக் கேட்டது. தம்பியை அழைத்துப் போட்டுக் காட்டினாள்.

"நல்லாத்தான் துடைச்சிருக்கேக்கா. என் மானத்தையும் சேர்த்து."

"என்னடா உளர்ற?"

"நாலாவது நிமிஷத்துல 'டங்'னு ஒண்ணு கேக்குமே, எங்க?"

"யாரோ நாற்காலிய இடிச்ச சத்தம்னு எடுத்துட்டேன்."

"நாற்காலியா! என் முதல் கம்பி அறுந்த சத்தம்க்கா அது. மிச்ச அஞ்சு கம்பியில சமாளிச்சேன். அது தெரியலன்னா, வாசிக்கத் தெரியாதவன்னுதான் நினைப்பாங்க."

அவள் அந்தச் சத்தத்தைத் திரும்பச் சேர்த்துக் கேட்டாள். கம்பி அறுந்தது. கிடார் ஒரு கணம் நின்று, மிச்சக் கம்பிகளில் மெட்டைத் தேடிப் பிடித்தது. அப்போதும் ஏதோ குறைவதாக அவளுக்குப் பட்டது. இருமல்களையும் பழையபடி சேர்த்தாள்.

"அது எதுக்குக்கா?"

"கேளு. கம்பி அறுந்ததும் ஒருத்தர்கூட இருமல."