காலடியில் ஒரு கேபினெட்

வரைபட ஆபீஸில் மேசைகளுக்கடியில் கிடந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, ஏசி அறை அலமாரியில் தகடு தகடாகப் புது பிளேடு கம்ப்யூட்டர்களைச் செருகிவிட்டாள் சிஸ்டம் அட்மின். மேசைக்கு ஒரு சின்ன டப்பாதான். கம்ப்யூட்டர் அங்கே ஓடும், படம் இங்கே தெரியும்.

மேனேஜருக்கு மட்டும் அது இறங்கவே இல்லை.

"இந்த டப்பாவா என் டிசைனை ஓட்டுது? காதுல பூ சுத்தாதேம்மா. ஸ்லோவா இருக்கு, என் பழைய பெட்டியைக் குடு."

தினமும் இதே பாட்டு. பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் பழைய கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றின் குடலை உருவிவிட்டு, உள்ளே ஒரு ஃபேனும் பச்சை விளக்கும் மட்டும் பொருத்தி, அவர் காலடியில் வைத்தாள். சும்மா சுற்றும், சும்மா எரியும்.

"இப்பதான்மா பறக்குது!" என்றார், வாயெல்லாம் பல்லாக. அவள் ஏசி அறைக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் போன் வந்தது. "ஃபேன் நின்னுபோச்சு, உடனே வா!"

போனால், திரையில் டிசைன் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பை விழுங்கியபடி குனிந்து கேபினெட்டைத் திறந்தாள். உள்ளே சாக்லேட்டுகள், பிளேடு பிளேடாகச் செருகப்பட்டிருந்தன.

மேனேஜரும் குனிந்தார். "சத்தம் போடாதே. ரெண்டாம் நாளே திறந்து பார்த்துட்டேன். எனக்கு சுகர்னு, அடுத்த சீட்ல என் வீட்டுக்காரி கண்கொத்திப் பாம்பா உக்காந்திருக்கா. உருகறதுக்குள்ள ஃபேனை மாட்டு."

அவள் மெல்லத் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பூக்கடையே இருந்தது.