அண்ணி காட்டிய மூன்றாவது படம்

காலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் எனக்கு வேண்டியது ஒரு பக்கெட் வெந்நீர், அதில் வைக்க என் இரண்டு கால், பேச யாருமில்லாத ஓர் அறை. மூன்றும் ஒன்றாகக் கிடைத்த நாள் நினைவில் இல்லை. அன்றும் செருப்பைக் கழற்றும்போதே கூடத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அண்ணி என் கணவரின் அக்கா. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். நான் ஆண்கள் வார்டில் நர்ஸாக இருந்து தொலைப்பதால், தரகர் அனுப்பும் படத்தையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்.

அன்று வார்டில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவரைக் குளிப்பாட்டப் போய், அவருடைய நல்ல கையால் இரண்டு குத்து வாங்கியிருந்தேன். குத்திவிட்டு அவரே அழுதார். அவரைச் சமாதானப்படுத்தி, தலை துவட்டி, விரிப்பு மாற்றி முடித்தபோது என் இடுப்பு நிமிர மறுத்தது. அந்த இடுப்போடுதான் அண்ணி முன்னால் நின்றேன்.

"இந்தப் பையன் உன் ஆஸ்பத்திரியில படுத்திருந்தானா, கொஞ்சம் பாரும்மா" என்று ஃபோனை நீட்டினார்.

பார்த்தேன். படுத்திருந்தான். எதற்காக என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். குணமாகி நடந்து போனான், கட்டிக்கொள்கிறவளுக்கு அதனால் ஒரு குறையும் வராது. இதற்கு மேல் கேட்டால் உங்களுக்கும் அண்ணிக்கும் என்ன வித்தியாசம்?

"வார்டு விஷயம் வெளியில சொல்லக் கூடாது அண்ணி" என்றேன்.

அண்ணி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஃபோனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "புரிஞ்சுது" என்றார்.

அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குப் புரிய, கால் வெந்நீருக்குள் போக வேண்டியிருந்தது. இரண்டு மாதம் முன்பு ஒரு மீசைக்காரனின் படத்தைக் காட்டி இதையேதான் கேட்டார். இந்த மீசையை நான் பார்த்ததே இல்லை, பார்த்திருந்தால் மறக்குமா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வராதவனை வரவில்லை என்று சொல்வதில் எந்த ரகசியம் போய்விடப்போகிறது என்ற நினைப்பு. மீசைக்காரன் வேறு யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அண்ணி என்னைப் படித்து வைத்துக்கொண்டார். வராதவன் என்றால் நான் சிரித்துக்கொண்டு சொல்வேன், வந்தவன் என்றால் வாயை மூடிக்கொள்வேன். வாயைத் திறக்காமலேயே அந்தப் பையனைக் காட்டிக்கொடுத்திருந்தேன்.

நர்சிங் படித்தபோது முதல் வருடம் இதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. செவிலியர் வரலாறு, கோட்பாடு, ஒழுக்கம் எல்லாம் அதில் வரும். வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. போர்க்காலத்தில் விளக்கோடு நோயாளிகளைப் பார்த்து வந்த அம்மையாரின் கதையைக் கேட்டுக்கொண்டே வகுப்பு மொத்தமும் கண் சொருகும். உறுதிமொழி எடுத்த அன்று மட்டும் நான் நன்றாக விழித்திருந்தேன். கையிலிருந்த மெழுகுவர்த்தி உருகி வழிந்ததுதான் காரணம். பணியில் அறிந்ததை வெளியே விடமாட்டேன் என்று சொல்லும்போது கட்டைவிரல் வெந்துகொண்டிருந்தது. பரீட்சையில் நோயாளியின் ரகசியம் காப்பதைப் பற்றிக் கேட்டார்கள். பக்கம் பக்கமாக எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். 'இல்லை' என்று சொல்வதும் ஒரு தகவல்தான் என்று அதில் நான் எழுதவில்லை. புத்தகத்தில் இருந்திருக்கும், அந்த மதியம் தூங்கியிருப்பேன்.

உள்ளறையில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், அண்ணி போனதும் வெளியே வந்தார். பெரிதாக ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயேன் என்றார். பெரிதாக இல்லையென்றால் சின்னதாக என்ன என்று அடுத்த நிமிடம் ஃபோன் வரும். கூடப் பிறந்தவருக்கு இதுகூடத் தெரியவில்லை. அவரிடமும் பேசாமலிருந்தேன். கல்யாணமான நாள் முதல் நான் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்து அவர் பார்த்ததில்லை, பயந்துபோய் அவரே வெந்நீர் மாற்றிக் கொடுத்தார்.

அந்த வாரமே அண்ணி அந்த இடம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, பெண்ணின் அத்தை அந்த ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ் என்று மட்டும் சொன்னாராம். தரகர் வாய் சும்மா இருக்குமா, அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பையன் மறுபரிசோதனைக்கு வந்த அன்று வார்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன், கத்துகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேனே. அவன் மெதுவாகக் கேட்டான்.

"நீங்க சொன்னீங்களா சிஸ்டர்?"

"ஒரு வார்த்தைகூடச் சொல்லல தம்பி."

தலையை ஆட்டினான். நம்பவில்லை என்று தெரிந்தது.

"நானே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும்னு இருந்தேன், நேர்ல பார்க்கறப்போ. இப்ப அவங்க என்னென்ன நினைச்சிட்டிருக்காங்களோ."

மருந்துத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். வெட்கமாக இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் உள்ளதையாவது சொல்லியிருப்பேன். நான் விட்டுவைத்த இடத்தில் அண்ணி இருக்கிற நோயையெல்லாம் போட்டு நிரப்பியிருப்பார். அவன் உடம்பைப் பற்றி அவன் சொல்ல வேண்டியது, அதைச் சொல்லும் வாய்ப்பை நான் தட்டிப் பறித்துவிட்டேன். உள்ளே யாரோ தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

அண்ணியிடம் என்ன சொல்லி இதைச் சரிசெய்வது என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால்கூட அவன் அங்கே இருந்தான் என்று ஆகிவிடும். இல்லவே இல்லை என்றால் பொய். யோசித்துக்கொண்டே தூங்கிப்போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன். அவ்வளவு தூரமும் திரும்ப நடந்தேன்.

அடுத்த படம் வர அதிக நாளாகவில்லை. அன்று வார்டில் இரண்டு பேர் லீவு, அவர்கள் வேலையும் என் தலையில். வீட்டுக்குள் நுழையும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணி ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட உருண்டை முகம். சத்தியமாக என் வாழ்நாளில் பார்த்திராத முகம். பார்த்ததே இல்லை என்று சொன்னால் அண்ணி எழுந்து போய்விடுவார். வெந்நீர், பிறகு தூக்கம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மென்று விழுங்கினேன்.

"வார்டு விஷயம் வெளியில சொல்லக் கூடாது அண்ணி."

"இவனுமா?" அண்ணியின் முகம் சுண்டிப்போனது. பிறகு மெல்லக் குழம்பியது. "இவன் வெளிநாட்டுலயே பொறந்து வளர்ந்தவனாச்சே. இந்த ஊர்ப்பக்கமே வந்ததில்லையாம். உன் வார்டுக்கு எப்ப வந்தான்?"

"யாரைக் கேட்டாலும் இனிமே இதே பதில்தான் அண்ணி. உங்க தம்பி படத்தைக் காட்டினாலும் இதேதான்."

உள்ளறையில் டிவி சத்தம் சுத்தமாக நின்றது.

"அப்ப, அன்னிக்குக் காட்டினேனே, அந்தப் பையன்?"

"அவனுக்கும் இதேதான்."

அண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது. நல்ல இடத்தைக் கெடுத்துவிட்டாய், சொந்தத்துக்கு உதவாத வேலை என்ன வேலை, உன்னிடம் வந்து கேட்டேன் பார் என்று வாய் ஓயும்வரை திட்டினார். வாங்கிக்கொண்டு நின்றேன். அவன் அங்கே இருந்தானா இல்லையா என்று இப்போது அவருக்குத் தெரியாது. எனக்கு வேண்டியதும் அதுதான். படியிறங்கும்போதே தரகரைக் கூப்பிட்டு, அந்த முந்தின இடம் முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று அண்ணி விசாரிப்பது கேட்டது.

சில நாள் கழித்து, கால் வெந்நீரில் இருந்தபோது அண்ணி மகள் ஃபோன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த முந்தின இடத்துப் பையனைப் பார்க்கப் போகிறாளாம். என்னிடம் எதையும் கேட்கவே கூடாது என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் கேட்டாள்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா அத்தை?"

தெரியும். வலியிலும் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போர்வை இழுத்துவிட்டவன். தொண்டைவரை வந்த அதையும் விழுங்கினேன்.

"யாரைப் பார்க்கப் போனாலும் எங்கிட்ட கேக்காதம்மா. அவங்கவங்களைப் பேச விட்டு முழுசாக் கேளு."

"சரி அத்தை" என்றாள். "அவரே சொல்லட்டும்."

தண்ணீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது. காலை வெளியே எடுக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.