காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று

உருப்படியாக ஒரு வெள்ளைச் சட்டை கிடைத்தால் போதுமென்று அப்பாவின் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள் அவள். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். நாற்பது வருஷம் லாண்டரியில் ஊரார் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்ட மனுஷனிடம் ஒரு வெள்ளைச் சட்டை இல்லை. என்ன கூத்து இது! எல்லாம் கோடு போட்டது, இல்லாவிட்டால் கட்டம் போட்டது. அடித்தட்டில் பழைய கம்பளிக்குக் கீழே கை விட்டாள். சட்டை வரவில்லை, இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. ஒன்றின் உறையில் அப்பாவின் கோணல் எழுத்தில் ‘காலை’ என்று இருந்தது. மற்றதில் ‘மத்தியானம்’.

“மாத்திரைக்கு எழுதின மாதிரி இருக்கே” என்றான் அண்ணன், அறை வாசலில் நின்றபடி. “சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு எழுதலையா?”

சிரிக்க வாயைத் திறந்தவனுக்குக் கூடத்தில் அப்பாவின் உடல் கிடப்பது ஞாபகம் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் இசைத்தட்டு போடும் பெட்டி என்றைக்குமே இருந்ததில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர். அப்பாவுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது குடும்பமே ஒப்புக்கொண்ட சங்கதி. ரேடியோவில் எது பாடினாலும் தொடையில் தட்டுவார், ஆனால் தட்டுகிற இடம் வேறாக இருக்கும். ஒரு தாளம் விழுந்து அடுத்தது விழுவதற்குள், அந்த இடுக்கில் டப்பென்று போடுவார். அம்மா இருந்தவரைக்கும் அவருக்கு ‘லேட்டுத் தாளம்’ என்றுதான் பெயர்.

அவள் நடத்திய முதல் பள்ளி நிகழ்ச்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து அப்படித்தான் தட்டினார். டிரம் வாசித்த பிள்ளை குழம்பிப்போய் நிறுத்திவிட்டது. அவள் மேடையிலிருந்தே திரும்பி, “அப்பா, தயவுசெஞ்சு தட்டாதீங்க” என்றாள். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம், எல்லா நிகழ்ச்சிக்கும் வந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பாடா, தொல்லை விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இசைத்தட்டுகளைக் கூடத்துக்கு எடுத்து வந்தாள். அப்பாவின் தலைமாட்டில் கோட்டு மாமா இருந்தார். லாண்டரியில் அப்பாவுக்கு அடுத்த மேஜை. கோட்டு மட்டுமே தேய்ப்பார் என்பதால் அந்தப் பெயர்.

“அடப்பாவி!” என்றார், தட்டுகளைப் பார்த்ததும். “கடையை மூடினப்போ குப்பைக்குப் போச்சுன்னு நினைச்சேன். இவன்தான் அமுக்கிட்டானா?”

“அதென்ன மாமா, காலை, மத்தியானம்?”

“வேலைம்மா. காலைல சட்டை. இருநூறு சட்டை முடிக்கணும், கை பறக்கணும். அதுக்கு இது, ஸ்கா. மத்தியானம் கோட்டு. அவசரப்பட்டா பொசுங்கிடும். அதுக்கு ராக்ஸ்டெடி, நிதானமா போகும்.”

“ஜமைக்கா பாட்டா? ரெக்கேக்கு முன்னாடி வந்ததுன்னு படிச்சிருக்கேன். கேட்டதில்ல.”

“ஸ்கா தாத்தன், ராக்ஸ்டெடி அப்பன், ரெக்கே பேரன்னு உங்கப்பன் சொல்லுவான். கப்பல்காரன் ஒருத்தன் துணி மூட்டையைப் போட்டுட்டு வாங்க வரவே இல்ல. அதுக்குள்ள கிடந்தது. மொதலாளிகிட்ட ஒரு பழைய பெட்டி இருந்துச்சு, போட்டுப் பார்த்தோம். அன்னைலேருந்து உங்கப்பனுக்குக் கிறுக்குப் பிடிச்சுது. மேஜையில தட்டிக்கிட்டே தேய்ப்பான். ஒரு நாள் தப்பினதில்ல. தாளத்துல புலி.”

“யாரு, அப்பாவா?”

“பின்னே நானா?”

அவளுக்குப் பொறுக்கவில்லை. பெட்டி இப்போது எங்கே என்று கேட்டாள். மாமா வீட்டில்தான், இரண்டு தெரு தள்ளி.

“உனக்கென்ன பைத்தியமா?” என்று அண்ணன் குரலைத் தாழ்த்தினான். “சாவு வீட்டுல பாட்டுப் போடுவியா? நாலு பேர் என்ன சொல்வாங்க?”

“சொல்லிட்டுப் போகட்டும். அப்பா எதைக் கேட்டுத் தட்டினாருன்னு எனக்குத் தெரியணும். வண்டி வர்றதுக்குள்ள தெரியணும்.”

மூன்று மணிக்கு மாமா பெட்டியை அணைத்துத் தூக்கி வந்தார். முள்ளை வைத்ததும் கரகரத்தது. பிறகு ஊதுகுழல்கள் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து கிளம்பின. பக்கத்து வீட்டம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். டீச்சர் பழக்கத்தில் அவள் விரல்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கிட்டார் எந்த விரலிலும் விழவில்லை. விரலுக்கும் விரலுக்கும் நடுவில், இடுக்கில், ‘ச்சக்’ என்று விழுந்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் அங்கேதான்.

இரண்டாவது தட்டில் வேகம் பாதியாகக் குறைந்தது. ஊதுகுழல்கள் ஒதுங்கிக்கொள்ள, பேஸ் கிட்டார் முன்னால் வந்து சாவகாசமாக நடந்தது. இடுக்கு மட்டும் அப்படியே இருந்தது, இன்னும் அகலமாக. அப்பா தட்டுகிற அதே இடம். லேட்டும் இல்லை, தப்பும் இல்லை.

“ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா?”

“நான் கேட்டேன்மா. சொல்லேன்டான்னேன். ‘என் பொண்ணு டீச்சர். அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?’னுட்டான்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. மாமா தட்டின் மேல் படிந்த தூசியை ஊதினார்.

கீழே வண்டி ஹார்ன் அடித்தது. கட்டம் போட்ட சட்டையைத்தான் கடைசியில் போட்டுவிட்டிருந்தார்கள். அண்ணன் அதை மறைத்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிச் செருகியிருந்தான். வந்தவர்கள் தூக்கக் குனிந்தார்கள்.

“கொஞ்சம் இருங்க” என்றாள்.

செருகலை உருவினாள். அப்பாவின் கைகள் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் போர்வைக்கு மேலே வைத்தாள். பிறகு மற்றதையும் எடுத்து, அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தாள்.