கரி படியாத கண்ணாடி

இடுக்கியின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, சுடரில் படாமல் கண்ணாடிக் குவளைக்குள் விட்டு, ஒரே சுற்றில் துடைத்து எடுத்தாள் டெனீஸ். துணி கறுத்து வந்தது. காலிக் குளியல் தொட்டிக்குள் மண்டியிட்டிருந்ததில் முழங்கால் மரத்துப்போயிருந்தது. விளிம்பில் பட்டுச் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டாள். மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுத் துடைத்திருந்தால் சுலபம். ஆனால் அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. வேதியியலில் பட்டம் வாங்கியவள், அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள், ஒரு திரியை ஊதி அணைக்கப் பயப்படுகிறாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்னடி பண்றே இவ்வளவு நேரம்?"

"வயிறு சரியில்லம்மா."

கறுத்த துணியை ஜீன்ஸ் பைக்குள் திணித்துக்கொண்டு, கழிப்பறைத் தண்ணீரைச் சும்மா திறந்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அம்மா ஒஸெல்லா அவளைத் தள்ளாத குறையாக உள்ளே வந்து, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். குவளை பளிச்சென்று இருந்தது. அவள் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது.

"பாத்தியா? அஞ்சு நாளாச்சு. ஒரு பொட்டுக் கரி இல்ல."

பக்கத்து அறையிலிருந்து தம்பி கொர்டெல் அலறும் சத்தம் கேட்டது. ஒஸெல்லா எழுந்திருக்கவில்லை. அவளுடைய மேலங்கிப் பையில் மார்ஃபின் புட்டி சின்னதாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

இடையில் அணையாமல் ஏழு நாள் எரிய வேண்டிய வேண்டுதல் மெழுகுவர்த்திகளை ஒஸெல்லா எப்போதும் குளியல் தொட்டியில்தான் ஏற்றுவாள். குவளை வெடித்தாலும் வீடு தப்பும். போன வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் எல்லோரும் சமையலறைக் குழாயடியில்தான் உடம்பு துடைத்துக்கொள்கிறார்கள். முன்னறையில் அவள் கடை. இருபத்தாறு வருஷமாகக் காப்பித் தகரத்தில் மெழுகு உருக்கி, வேரும் தழையும் இடித்து, பைபிள் சங்கீதம் சொல்லி எண்ணெய் காய்ச்சி, ஈசோப்புத் தழை போட்டுச் சோப்பு வார்த்து விற்கிறாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹெலினா ஊரிலிருந்தும், அந்தப் பக்கம் மிசிசிப்பி மாநிலத்திலிருந்தும் பெண்கள் எரிந்து முடிந்த குவளைகளைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒஸெல்லா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கரியைப் படிப்பாள். சுத்தமாக எரிந்திருந்தால் நினைத்தது நடக்கும். மேலே கறுத்துக் கீழே தெளிந்தால் சிரமப்பட்டு நடக்கும். அடிவரை கறுத்திருந்தால் இல்லை. இல்லை என்பதை இல்லை என்றே சொல்வாள். கெஞ்சிய ஒருத்தியிடம், "பொய் சொல்றதுக்கு நான் எதுக்கு? அதுக்குத்தான் வீட்ல புருஷன் இருக்கான்ல?" என்று கேட்டவள் அவள். காய்ச்சல் என்று வந்தால் முதலில் டாக்டரிடம் போய்விட்டு வா என்பாள். எண்ணெய் அப்புறம்தான்.

கொர்டெலையும் அவள் டாக்டரிடம்தான் கூட்டிப்போனாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்க்கிற கறுப்புப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவசரப் பிரிவில் என்ன செய்வார்கள்? நெஞ்செரிச்சல் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது தடவை, போதை மருந்துக்காக நடிக்கிறானோ என்று அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நான்காவது தடவை ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய் கணையத்தில் கிளம்பி ஈரல் வரை போயிருந்தது. வயது இருபத்தொன்பது.

அவனுக்கான மெழுகுவர்த்தியை ஒஸெல்லா தன் கையாலேயே வார்த்தாள். ஆணியால் பெயரைக் கீறி, மூன்று துளை போட்டு, அதற்குள் வேரையும் தழையையும் எண்ணெயையும் அடைத்தாள். வேறு யாருக்கும் அவ்வளவு அடைத்ததில்லை. எண்ணெய் மேலே குளமாக நின்றது. திரியும் தடிமன். இது புகையாமல் எது புகையும் என்று டெனீஸ் அன்றே நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தபோது குவளையின் ஒரு பக்கம் கறுத்திருந்தது. கூடத்தில் அம்மாவின் செருப்புச் சத்தம். யோசிக்கவே இல்லை, துண்டு நுனியை விட்டுத் துடைத்துவிட்டாள். அவ்வளவுதான். அம்மா வந்து பார்த்தாள், சிரித்தாள். பத்து நாளாகக் காப்பியைத் தவிர எதையும் தொடாதவள், மீன் பொரித்து, நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டாள். அதில் என்ன தப்பு என்று டெனீஸுக்குத் தோன்றியது.

என்ன தப்பு என்று இன்று காலையில்தான் தெரிந்தது. நேற்றும் துடைத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலத்தோடு அம்மா மருந்தை நிறுத்திவிட்டாள். அது தெரிந்த பிறகும் சற்றுமுன் ஏன் துடைத்தாள்? இன்று கரியைக் கண்டால் முந்தைய நாட்களில் ஏன் இல்லை என்று அம்மா கேட்பாள். அதற்குப் பயந்து.

பதினொன்றரைக்கு நர்ஸ் ட்வைலா வந்தாள். கொர்டெல் தலையணையைக் கடித்துக்கொண்டு குறுகிக் கிடந்தான். அவன் கால்மாட்டில் ஒஸெல்லாவின் தம்பி ஹோசியா உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்பக் குடுத்தீங்க?" என்றாள் ட்வைலா.

"நேத்து சாயங்காலம்."

"மிஸ் ஒஸெல்லா! நாலு மணி நேரத்துக்கு ஒருதடவைன்னு எழுதியே ஒட்டிட்டுப் போனேனே!"

"அவன் திரும்பி வர்றான்மா. கண்ணாடி சுத்தமா இருக்கு. திரும்பி வர்றவனைத் தூங்க வெச்சா வழி தெரியாமப் போயிடுவான்."

"அது தூங்க வைக்கிறதுக்கு இல்ல. வலிக்காம இருக்கறதுக்கு."

"வலி இருக்கறவன்தான் உசிரோட இருக்கான்." ஒஸெல்லாவின் கை மேலங்கிப் பையை மூடிக்கொண்டது. "உங்க ஆளுங்க சொன்னதை மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் தலையாட்டிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். இந்தத் தடவை கேக்க மாட்டேன்."

ட்வைலா டெனீஸைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டர்ட்ட பேசறேன். வேற புட்டி வர ரெண்டு மணி நேரம் ஆகும். அவன் தாங்க மாட்டான். நீ படிச்ச பொண்ணு, எடுத்துச் சொல்லு" என்றாள். போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

"அம்மா, அந்த மருந்து அவனைக் கொல்லாது. எப்படி வேலை செய்யுதுன்னு நான் சொல்றேன், கேளு."

"நீ படிச்சது காலேஜ்ல. நான் படிக்கறது இங்க. என்னிக்காவது நான் தப்பாப் படிச்சிருக்கேனா, சொல்லு."

டெனீஸ் பைக்குள் கை விட்டுக் கறுத்த துணியைக் கசக்கினாள். இல்லை. தப்பாகப் படித்ததில்லை.

கட்டிலில் கொர்டெல் மறுபடி அலறினான். ஹோசியாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "மருமகனே, இப்படிக் கத்தினா ஆலைல உன்னைத் திரும்பச் சேத்துக்குவாங்கடா. அந்தக் கோழிங்களே தோத்துடும்."

கொர்டெலின் உதடு கோணியது. சிரிக்கப் பார்த்தான் போல. "கோழிங்க கத்தாது மாமா... அதுங்களுக்கு முதல்லயே ஷாக் குடுத்துடுவோம். வலி தெரியாம."

ஹோசியா தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா," என்றான் கொர்டெல். டெனீஸ் முகத்தை அருகில் கொண்டுபோனாள். அவன் மூச்சில் புளித்த வாடை. "அம்மாட்ட சொல்லு. நான் வரல. போறேன். சொல்லிடு."

டெனீஸ் எழுந்து, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். கதவைச் சாத்தினாள். பையிலிருந்த துணியை எடுத்து அம்மாவின் மடியில் போட்டாள்.

"என்னடி இது?"

"மெழுகுவர்த்திக் கரி. நான்தான் துடைச்சேன்."

ஒஸெல்லா துணியைப் பார்த்தாள். தொட்டிக்குள் எரியும் சுடரைப் பார்த்தாள். கத்துவாள், அறைவாள் என்று டெனீஸ் காத்திருந்தாள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியை விரித்து, ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தாள்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. நேத்து. இன்னிக்குக் காலையில."

"வெள்ளிக்கிழமை எந்தப் பக்கம்?"

"அம்மா..."

"எந்தப் பக்கம்னு கேட்டேன்."

"கதவுப் பக்கம். கொஞ்சம்தான்."

"நேத்து?"

"பாதி."

"இன்னிக்கு?"

"சுத்தியும்."

"மேல மட்டுமா?"

"இல்ல. மெழுகு வரைக்கும்."

கடையில் வாடிக்கையாளரிடம் கேட்கும் அதே குரல், அதே வரிசை. ஒஸெல்லா துணியை நான்காக மடித்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"எண்ணெய் ஜாஸ்திம்மா. திரி தடிமன். அதான் புகையுது. வேற ஒண்ணும் இல்ல, வெறும் கரி."

"கரின்னு எனக்குத் தெரியாதா?" ஒஸெல்லா எழுந்தாள். "வெள்ளிக்கிழமையே பாத்திருந்தா, அவனைப் போக விட்டிருப்பேன்டி. அவன் ஒரு வேளைகூட மருந்து இல்லாம கிடந்திருக்க மாட்டான்."

புட்டியை எடுத்து மகள் கையில் வைத்தாள். "நீயே குடு."

கொர்டெலின் பல் கிட்டியிருந்தது. கன்னத்தை விரலால் விலக்கி, குழாயை உள்ளே விட்டு, டெனீஸ் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். ட்வைலா காரிலிருந்து ஓடிவந்தாள். இன்னும் ஒரு அளவு கொடுக்கச் சொல்லி டாக்டர் அனுமதித்திருந்தார். கொடுத்தார்கள்.

"எவ்வளவு நேரத்துல கேக்கும்?" என்றார் ஹோசியா.

"இருபது நிமிஷம். அரை மணி."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. டெனீஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒஸெல்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகனின் நெற்றியில் கையை வைத்தாள். "போ கண்ணு. நான் இனிமே பிடிச்சு வைக்கல. போ." அவன் கேட்டானா என்று சொல்ல முடியாது. முதுகு வில்லாக வளைந்தது, இறங்கியது, மறுபடி வளைந்தது. பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு மூச்சு நின்றது. அமைதியாகப் போனான் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொல்வார்கள். அமைதியாகப் போகவில்லை. மருந்துக்கு இன்னும் எட்டு நிமிஷம் வேண்டியிருந்தது.

ட்வைலா நாடி பார்த்து, நேரத்தைக் குறித்து, சவ அடக்கக்காரர்களுக்குப் போன் செய்தாள். மூன்று மணிக்கு வருவார்கள்.

"அவங்க தொடறதுக்கு முன்னாடி நான் குளிப்பாட்டணும்," என்றாள் ஒஸெல்லா, யாரையும் பார்க்காமல்.

டெனீஸ் கடைக்குள் போனாள். ஈசோப்புச் சோப்பில் நன்றாகக் காய்ந்த கட்டியாகத் தேடி எடுத்தாள். அண்டாவில் வெந்நீர் பிடித்தாள். தன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்தாள். அறை வாசலில் ஒஸெல்லா நின்றிருந்தாள். சோப்பை வாங்கிக்கொண்டாள். அண்டாவை ஹோசியா வாங்கிக்கொண்டார். டெனீஸ் உள்ளே ஓர் அடி வைத்தாள். ஒஸெல்லா நகரவில்லை.

"ஹோசியா இருக்கான். போதும்."

கதவு சாத்தப்பட்டது. துணி பிழியும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், அவளிடம் இல்லை, அவனிடம்: "கையைத் தூக்கு கண்ணு. அப்படித்தான். இந்தக் கை." டெனீஸ் துண்டுகளை அணைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். கதவு ஒரு சாண் திறந்து கை மட்டும் வெளியே வந்தது. துண்டைக் கொடுத்தாள். மறுபடி திறந்தபோது சட்டையையும் பேன்ட்டையும் கொடுத்தாள். மூன்றாவது முறை காலுறைகளை.

கை காலுறைகளைத் திரும்ப நீட்டியது.

"ஜோடி மாறியிருக்கு. வேற."

அவன் அலமாரியின் கீழ் இழுப்பறையை டெனீஸ் முழுதாக உருவித் தரையில் வைத்தாள். ஆலைக்குப் போட்டுப்போன வெள்ளைக் காலுறைகள் அடியில் கஞ்சி போட்டதுபோல் விறைத்துக் கிடந்தன. நல்லதாக இரண்டுதான் தேறின. ஒன்று கறுப்பு. இன்னொன்று கறுப்பா, கருநீலமா என்று அந்த அறை இருட்டில் தெரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். திரையை விலக்கி, கைக்கொன்றாகத் தூக்கிப் பிடித்து, மதிய வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.